கயிறு பிடித்த மச்சான்

என் ஆசை மாப்ளே ரெமி,

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொன்னேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு வேறு எவனும் வந்து எனக்கு அப்போதே தெரியும் என்று பீற்றிக்கொள்ளக் கூடாது. நீ அந்தப் பாட்டை என் மைக்செட் கடையில் நின்று முதல்முதலாகப் பாடிக் காட்டிய அன்றைக்கே, "மாப்ள, இந்தப் பாட்டு ஒருநாள் மண்டைய ஒடைக்கும், பாத்துக்க" என்று சொன்னேன். நீ சிரித்தாய். இப்போது உடைந்துவிட்டது. என் மண்டைதான். இடது புருவத்தில் தொடங்கி உச்சி வரைக்கும் தையல். தையல் போட்ட டாக்டரம்மா இவ்வளவு கெட்டியான மண்டையைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார்கள். ஊசி வளைந்து வேறு ஊசி எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

நீ அங்கே எப்படி இருக்கிறாய்? வலது காது இப்போது கேட்கிறதா? மேலே போனால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடும் என்று சாமியார் உன் முப்பதாம் நாள் பூசையில் சொன்னார். என் தங்கச்சி லூர்து உனக்கு முன்னாலேயே போய்விட்டவள், பக்கத்தில்தான் இருப்பாள். அவள் வலது பக்கம் நின்று பேசினால் இனி நீ கேட்காத மாதிரி இருக்க முடியாது.

இந்தக் கடிதம் உனக்கு எழுதுவது. ஆனாலும் உன் ரசிகர்கள் கொண்டுவரும் நினைவு மலரில் அச்சாகப் போகிறது. வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் இடையிடையே விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

தமிழ்நாட்டின் கடற்கரையிலேயே முதல் ராக் பேண்ட் நம்முடைய 'கொம்பன் சுறா'தான். இதில் சந்தேகம் உள்ளவர்கள் என்னிடம் வரட்டும். இரண்டு கிடார், ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், நடுவில் நீ. எட்டாம் வகுப்போடு நின்ற நான் என் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்திராவிட்டால் உங்கள் கிடார் கொசு ரீங்காரம் மாதிரி கேட்டிருக்கும். மாதா திருவிழாவில் நீங்கள் வாசித்த இரவு, துறைமுகத்திலிருந்து கிளம்பிப் போன ஒரு வெளிநாட்டுக் கப்பல் சத்தத்தைக் கேட்டு நடுக்கடலில் திரும்பி வந்தது. காப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என்ன பாஷையில் அழுதான் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் போட்டது இரண்டே கேசட். முதலாவது சிவப்பு அட்டை, அடுத்தது நீல அட்டை. இரண்டிலும் அந்தப் பாட்டு இருக்கிறது. கடலுக்கு அடியில் சங்கு குளிக்கிறவன் மேலே வள்ளத்தில் இருக்கிறவனைப் பார்த்துப் பாடுகிற பாட்டு.

"இழுத்தேன் மச்சான், இழுத்தேன்
ஏன் தூக்கல, ஏன் தூக்கல"

சிவப்பில் நீ இதைத் தொண்டை கிழியக் கத்துவாய். டிரம்ஸ் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ்கட்டி உடைக்கிற மாதிரி விழும். 'ஏன் தூக்கல' முடிந்ததும் கிடார் ஒன்று கீழேயிருந்து சுருதி ஏறி ஏறிப் போய்ப் பிளிறும். நீலத்தில் அதே வரியைக் காதுக்குள் சொல்கிற மாதிரி முனகுவாய். கீபோர்டு மட்டும் மெதுவாக வரும். 'ஏன் தூக்கல' முடிந்ததும் சத்தமே இல்லை. பிறகு டிரம்ஸில் ஒரே ஒரு அடி. பாட்டு முடிந்தது.

இதற்குத்தான் மாப்ளே சண்டை. உன் ரசிகர்கள் இரண்டு கட்சி. சிவப்புக் கட்சித் தலைவர் ஆறுமுகநேரி உப்பளப் பாண்டி. அவன் உடம்பைப் பார்த்தால் உனக்கே பயம் வரும். "கிடார் மேல ஏறுதுல்லா, அதான் ஆளு மேல வாரான்னு அர்த்தம். தூக்காதவன ரெண்டு போடப் போறான். இது சண்டைப் பாட்டுவே" என்பான். நீலக் கட்சிக்கு ஸ்ரீவைகுண்டத்து சுந்தரம், ரிட்டையர் ஆன வங்கி கேஷியர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். "அந்த மௌனம்தான் பாட்டு. குளிச்சவன் செத்துட்டான். கடைசி அடி அவன் நெஞ்சடிப்பு. சிவப்பு கேசட்டுல ரெமி பாடல, இரும்புக்கடை நடத்துதாரு" என்பார். பாண்டி உடனே, "நீலத்தப் போட்டா எம்பேத்தி தூங்கிருதா. அது தாலாட்டுவே" என்பான். வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் இதுதான். நடுவில் யாராவது பிறந்தநாள் வாழ்த்துப் போட்டால் இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள்.

நீலக் கேசட்டின் மௌனம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். ரெக்கார்டிங்கில் கரண்ட் போய்விட்டது, பேட்டரியில் இருந்த டேப் மட்டும் ஓடியது. ஜெனரேட்டரை நான் போட்டேன். டிரம்ஸ்காரன், கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தட்டுத் தட்டினான். நீ, "இருக்கட்டும் மச்சான், நல்லாருக்கு" என்றாய். இதைக் குழுவில் எழுதினேன். ஒருத்தனும் நம்பவில்லை. "தொம்மை அண்ணாச்சி ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரிக்கிற பொம்மையாகப் போட்டார்கள். நான் உண்மை சொல்கிற அன்றைக்கெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

அவர்கள் நம்பியது வேறொரு கதையை. பாட்டில் வருகிற மச்சான் யார் என்கிற கதையை.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி அறுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் அல்லவா? கீழே இருக்கிறவன் கயிற்றைச் சுண்டி இழுத்தால், மச்சான் உயிரைக் கொடுத்து மேலே தூக்குவான். அப்படிப்பட்ட மச்சான் தூக்கவில்லை என்று நீ பாடினால் ஊர் என்ன கேட்கும்? "யாருல அந்த மச்சான்?" என்று கேட்கும். நீயும் சங்கு குளிக்கப் போனவன், உனக்கு உள்ள ஒரே மச்சான் நான். நெஞ்சை நிமிர்த்தி, "நான்தாம்ல" என்றேன்.

ஏன் தூக்கவில்லை என்பதற்கும் என்னிடம் பதில் இருந்தது. முயல்தீவுக்கு வெளியே, சங்கு கிடக்கிற கடலடிப் பாறைக்கு, அதாவது பாருக்கு, மேல் நம் வள்ளம் நிற்கிறது. நீ கீழே. கயிறு என் கையில். அப்போது அடுத்த வள்ளத்துக்காரர்கள் ஐந்து பேர், இது எங்கள் சங்கு என்று கொடுவாளோடு நம் வள்ளத்தில் குதிக்கிறார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டேன். துடுப்பை எடுத்தேன். முதல் அடியில் ஒருவன் தாடை பெயர்ந்து தொங்கியது. இரண்டாமவன் என் தோளில் வெட்டினான், அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினேன், முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். வள்ளத்துக்குள் கணுக்கால் அளவு ரத்தம். அந்த நேரத்தில்தான் நீ கயிற்றை இழுத்தாய். என் பல் ஆடியது. தெரிந்தது, ஆனால் தூக்க முடியவில்லை. கடைசி ஆளையும் கடலில் தள்ளிய பிறகு உன்னை ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்தேன். உன் வலது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அன்றோடு அந்தக் காது போனது.

இந்தக் கதையை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்! எல்லா இடத்திலும், கள்ளுக்கடையில்கூட, நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வேன். நீ இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை. லூர்து மட்டும் நான் துடுப்பை எடுத்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். உன் மகள் மெர்சிக்குச் சின்ன வயசில் சோறு ஊட்ட இந்தக் கதைதான். "மாமா, அந்தத் தாடை தொங்குனவன் பொறவு எப்படிச் சாப்பிட்டான்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தட்டுச் சோற்றையும் தின்றுவிடுவாள்.

சரி, இப்போது உன் முப்பதாம் நாளுக்கு வருகிறேன். நீ எப்படிப் போனாய் என்பது உனக்குத் தெரியாது, அவ்வளவு வேகமாக நடந்தது. துறைமுகச் சாலையை நீ கடக்கிறாய். வலது பக்கமாக கண்டெய்னர் லாரி வருகிறது. ஹாரன் அடித்தேன், அடித்தேன் என்று அந்த டிரைவர் போலீஸ் ஸ்டேஷனில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நீ திரும்பிப் பார்க்கவே இல்லையாம். வலது பக்கம் உனக்கு ஏது காது?

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் ரசிகர்கள் கூட்டம். உன் படத்துக்கு மாலை, பக்கத்தில் உங்கள் பழைய டிரம்ஸ். மைக்செட் நான்தான், இலவசம். பாட்டைப் போடலாம் என்றதும் எந்தக் கேசட்டு என்று தொடங்கியது. பாண்டி சிவப்பைப் போட்டான். உன் முதல் கத்தல் வருவதற்குள் சுந்தரம் சுவிட்சை அமத்திவிட்டார்.

"யோவ் கேஷியரு, செத்தவரு பாடுதாரு, அமத்துத?"

"செத்தவரு வீட்டுல சண்டைப் பாட்டாவே போடுவ? அறிவு இருக்கா ஒனக்கு?"

பாண்டி அறைந்தான். கண்ணாடி பறந்து டீ டிரம்மில் விழுந்தது. கேஷியர்தானே என்று நாம் நினைப்போம். மனுஷன் குனிந்து பாண்டியின் முழங்கையைக் கடித்துவிட்டார், விடவில்லை. பாண்டி அவரைக் கையோடு தூக்கிச் சுற்றுகிறான். அதற்குள் நாற்காலிகள் பறக்க ஆரம்பித்தன. நீலச் சட்டைக்காரன் ஒருவன் சிவப்புச் சட்டைக்காரன் முகத்தை மேசையில் வைத்துத் தேய்க்கிறான், கேட்டால் "மௌனம்னா என்னன்னு தெரியுதால?" என்கிறான். டியூப்லைட் உடைந்து சில்லு மழை. டீ டிரம் கவிழ்ந்து கொதிக்கிற டீ ஓடுகிறது, ஆட்கள் துள்ளித் துள்ளி அடித்துக்கொள்கிறார்கள். யாரோ ஒருவனின் பல் என் காலடியில் வந்து விழுந்தது. உன் படத்தின் கண்ணாடியும் கீறிவிட்டது மாப்ளே. மெர்சி படத்தைக் கழற்றி, கைப்பிள்ளையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

நான் மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன். என் மைக், என் குரல், கேட்க வேண்டுமா? "ஏலே நிறுத்துங்கல! அந்த மச்சான் இங்கன நிக்கேன். அர்த்தத்த நான் சொல்லுதேன்!"

நிறுத்தினார்கள். நான் வள்ளத்தில் ஏறினேன். கொடுவாள், துடுப்பு, தாடை, மணிக்கட்டு. அன்றைக்கு எட்டுப் பேர் குதித்தார்கள், கூட்டம் பெரிது என்பதால். பாண்டி ஆட்கள் விசில் அடித்தார்கள். நீ கயிற்றை இழுத்த இடம் வந்ததும் சுந்தரம் எழுந்தார். மூக்கில் ரத்தம், கண்ணாடி இல்லை.

"அப்ப ரெமி இழுத்தது ஒமக்குத் தெரிஞ்சிருக்கு. நீரு தூக்கல. அதான காது போச்சு?"

"ஆமாவே, நான் எட்டுப் பேரோட..."

"காது போனதுனாலதான லாரிச் சத்தம் கேக்கல? அப்ப அவரக் கொன்னது யாருவே?"

மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. நீலக் கேசட்டு மாதிரி. பாண்டி என்னையே பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர். நான் சொல்லச் சொல்ல முப்பது வருஷமாகக் கைதட்டியவன். "அண்ணாச்சி, நீங்களா? எங்க ரெமிய நீங்களா?" என்றான். டிரம்ஸ் தட்டு மாட்டுகிற இரும்புக் கம்பியைத் தூக்கினான். எந்தக் காலத்திலும் ஒன்றுசேராத இரண்டு கட்சியும் என் மண்டையில்தான் ஒன்றுசேர்ந்தன.

கண்ணைத் திறந்தபோது மெர்சி என் தலையில் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்பா கயித்த இழுத்தது ஒங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?"

சுற்றிலும் அத்தனை பேர். மைக் பக்கத்தில் கிடக்கிறது, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். என் வாயை உனக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

"தெரிஞ்சுது மக்கா. ஆனா எட்டுப் பேரு..."

அவள் என் கையை எடுத்துத் துப்பட்டாவின் மேல் வைத்தாள். "இதையாவது ஒழுங்காப் புடிங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாப்ளே, கம்பி விழுந்தது வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு உன் வீட்டு வாசல் எனக்கு அடைபட்டுவிட்டது. லூர்து போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அங்கேதான் சாப்பாடு, உனக்குத் தெரியும். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டல் பிரியாணி சாப்பிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பாண்டி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து காலில் விழுந்தான். சுந்தரமும் வந்தார், புதுக் கண்ணாடி. கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, அடி விழுந்தபோது நான் போட்ட சத்தம் சிவப்பு மாதிரியா நீலம் மாதிரியா என்று பேச ஆரம்பித்தார்கள். நர்ஸ் வந்து விரட்டினாள்.

பிள்ளைக்குக் காது குத்தப் போகிறார்கள் மாப்ளே. மெர்சிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, என் மடியில் வைத்துத்தான் குத்துவது என்று நீ இருக்கும்போதே பேசியது. தொட்டிலில் கிடந்த பிள்ளையிடமே சொல்லியிருக்கிறேன், தங்கக் கம்மல் மாமத்தாத்தா போடுவேன் என்று. அவள் புருஷன் போன் செய்து, "வேற ஆள் பாத்துக்கிடுதோம் மாமா, நீங்க அலைய வேண்டாம்" என்றான். நான் உடனே போனேன். மெர்சி கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினாள்.

"எங்க அப்பா காதப் போக விட்டவரு மடியில எம்பிள்ள காதக் குடுக்க மாட்டேன் மாமா."

"ஏளா, நான் சொல்லுததக் கேளு..."

"சொல்லுங்க. கேக்கேன்."

உண்மையைத்தான் சொல்லப் போனேன். மாதா சத்தியம். வாயைத் திறந்தேன், சுறா வந்துவிட்டது. "ஏளா, நீ நெனைக்க மாதிரி இல்ல. அந்த எட்டுப் பேருக்குப் பின்னால ஒரு சுறாவும் வந்துச்சு, இத நான் யாருட்டயும் சொன்னதில்ல..." என்று அது பாட்டுக்குப் போகிறது. அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சுறா பெரிதாகிறது. கதவை அடைத்துவிட்டாள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை. கைதட்ட யாரும் இல்லை. சுந்தரம்தான் இந்த மலருக்குப் பிழை திருத்துகிறார். கேஷியர்வாள், எழுத்தைத் திருத்தும். இனி வருவதில் ஒரு வரி வெட்டக் கூடாது.

மாப்ளே, அன்றைக்கு அந்த வள்ளத்தில் நான் இல்லை.

எந்த வள்ளத்திலும் நான் இருந்ததில்லை. புன்னைக்காயலில் ஒருமுறை தோணியில் ஏறினேன், ஆறு கடலில் சேருகிற இடம் வருவதற்குள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். கடற்கரையில் பிறந்தவன், முறைப்படி கயிறு பிடிக்க வேண்டியவன், கடலுக்குப் பயப்படுகிறான் என்றால் ஊர் சிரிக்காதா? நீதான் உன் சித்தப்பா மகனைக் கயிற்றுக்கு வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் "மச்சான் வந்துருக்கான்" என்று சொன்னாய். அந்த ஒரு பொய் நீ சொன்னது. மீதி அத்தனையும் நான் அதன்மேல் கட்டிய மாடி.

உன் காது போன அன்றைக்கு நான் ஒரு கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அங்கே வந்தாய். "சளியோட எறங்கிட்டேன் மச்சான், பாதி ஆழத்துலயே காது வெடிச்சிட்டு. சுண்டுன ஒடனே தூக்கிட்டான்" என்றாய். மெர்சி என்னை நம்ப வேண்டாம். அந்தக் கல்யாணப் பொண்ணு இப்போது அவளுக்கு மாமியார். தாலி கட்டுகிற நேரத்தில் மைக்செட் நின்றுபோய், எல்லார் முன்னாலும் வசவு வாங்கிக்கொண்டு ஏணியில் நின்றவன் யார் என்று அந்த மாமியாரிடமே கேட்கட்டும். ஐந்து பேரும் கிடையாது, எட்டுப் பேரும் கிடையாது. நான் யாரையும் அடித்ததில்லை. உன் கயிறு இழுபடும்போது யாரும் சும்மா இருக்கவில்லை.

அப்படியானால் பாட்டில் வருகிற அந்த மச்சான் யார் மாப்ளே? எனக்கும் தெரியாது. ஒருவேளை வரவே வராத மச்சானைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டாயா? நான் கதை சொல்லும்போதெல்லாம் பேசாமல் சிரித்தாயே, அது எந்தக் கேசட்டு?

காது குத்துகிற அன்றைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அந்தக் கம்பிக் கதவுக்கு வெளியே போய் நிற்பேன். திறந்தால் மடியைக் கொடுப்பேன். திறக்காவிட்டால் கம்மலைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வருவேன். இது உன்மேல் ஆணை.

இப்படிக்கு,
கடலில் ஒருநாளும் கயிறு பிடிக்காத, உன் பெண்டாட்டியின் அண்ணன்,
மைக்செட் தொம்மை